எண்ணை நம்பும் முன்: பழைய பீரங்கி ஃபியூஸ்களை அடையாளம் காண்பது பற்றி



பழைய பீரங்கிக் குண்டின் மூக்கிலிருந்து வந்த ஃபியூஸ் ஒன்றைப் பார்த்ததும் சேகரிப்பாளர்கள் செய்யும் முதல் காரியம், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து எண் தேடுவது. 80 என்றிருந்தால் பிரிட்டிஷ் 80, 106 என்றிருந்தால் பிரிட்டிஷ் 106. அட்டையில் எழுதி அலமாரியில் வைத்தால் வேலை முடிந்தது. ஏலப் பட்டியல்கள் பலவும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. அருங்காட்சியகப் பெயரட்டைகளும் பெரும்பாலும் இதே வழிதான். இந்த வரிசை தலைகீழானது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. எண்ணைக் கடைசியில் பார்க்க வேண்டும். எந்த உலோகம், மரையின் அளவு என்ன, நேர வளையத்தில் வெட்டிய அளவுகோல் எந்த அலகில் இருக்கிறது, அதைத் திருப்ப எந்த இடத்தில் பள்ளம் விட்டிருக்கிறார்கள் என்பவை முதலில் பேசட்டும். அவை சொன்னதை எண்ணும் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். அவை ஒன்று சொல்லி எண் வேறொன்று சொன்னால், சந்தேகிக்க வேண்டியது எண்ணைத்தான். எண் என்பது பொருளின் மேல் யாரோ குத்திய எழுத்து, மற்றவை பொருளே. எழுத்தை மாற்றுவது எளிது. மரையையும் உலோகத்தையும் மாற்றுவது எளிதல்ல.

ஃபியூஸ் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உறுப்பு அது. தரையிலோ சுவரிலோ மோதியதும் வெடிக்கச் செய்வது ஒரு வகை. சுட்ட பிறகு குறித்த நேரம் கழிந்ததும் வானிலேயே வெடிக்கச் செய்வது இன்னொரு வகை. இரண்டு வேலையையும் ஒரே உடலில் சேர்த்தவையும் உண்டு. முதல் உலகப் போர் தொடங்கியபோது இலகுரகப் பீரங்கிகளின் முதன்மையான குண்டு ஷ்ராப்னெல்தான். பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கியின் ஷ்ராப்னெல் குண்டுக்குள் ஏறத்தாழ 375 ஈய உருண்டைகள் இருந்தன. எதிரிப் படைக்குச் சற்று முன்னால், வானில், அந்தக் குண்டு திறந்துகொள்ள வேண்டும். அரை நொடி பிந்தினால் உருண்டைகள் மண்ணுக்குள் போகும்; அரை நொடி முந்தினால் வீரியமிழந்து சிதறும். எனவே ஃபியூஸின் உடலில் ஒன்றின் மேல் ஒன்றாக வளையங்கள் வைத்து, அவற்றின் பள்ளத்தில் கருமருந்தை அழுத்தி நிரப்பினார்கள். வளையத்தைத் திருப்பினால் தீ ஓட வேண்டிய தூரம் கூடும் அல்லது குறையும். பீரங்கி வீரர் திருப்புவதற்கு வசதியாக அந்த வளையத்தின் வெளிப்புறத்தில் ஓர் அளவுகோல் வெட்டப்பட்டிருக்கும். என் வாதத்தில் பெரும்பகுதி இந்த அளவுகோலின் மேல்தான் நிற்கிறது.

பிரிட்டிஷாரின் 80-ஆம் எண் ஃபியூஸையும் ஜெர்மானியரின் டொப்பெல்சூண்டர் 96-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நேரத்துக்கும் மோதலுக்கும் பொதுவானவை. இரண்டுக்கும் மழுங்கிய கூம்பு வடிவம், இரண்டு வளையங்கள், மேலே ஒரு மூடி. களிம்பேறி மண் அப்பிய நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடன்பிறந்தவை என்றே தோன்றும். உண்மையிலும் உறவு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிரப் நிறுவனத்தின் ஃபியூஸ் காப்புரிமையை இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் உரிமத்தொகை தருவதாக ஒப்பந்தம் செய்து வாங்கியது. 80-ஆம் எண் அந்த வடிவமைப்பிலிருந்து வந்தது. போர் முடிந்த பிறகு கிரப் தனக்குச் சேர வேண்டிய தொகையைக் கேட்டது. 1926-இல் விக்கர்ஸ் 40,000 பவுண்டு கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. தன் நாட்டுப் படைமேல் விழுந்த குண்டுகளுக்குக் கூலி கேட்ட கம்பெனி என்று கிரப்பை ஏசியவர்கள் நிறைய. ஏசலை அவர்களிடமே விட்டுவிடுவோம். அடையாளம் காண்பவருக்கு இதில் கிடைக்கும் பாடம் வேறு: வடிவத்தை மட்டும் பார்த்து நாட்டைச் சொல்ல முடியாது. எதிரெதிர் அகழிகளில் இருந்தவர்கள் ஒரே மூலத்தின் பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள்.

அப்படியானால் இரண்டையும் பிரிப்பது எது? அளவுகோல். ஜெர்மன் 96-இன் வளையத்தில் உள்ள எண்கள் மீட்டரைக் குறிப்பவை. அதாவது எத்தனை மீட்டர் தொலைவில் குண்டு திறக்க வேண்டும் என்று வீரர் நேரடியாக வைத்துவிடலாம். ஆனால் அந்தத் தொலைவு ஒரு குறிப்பிட்ட பீரங்கியின் குண்டு வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். 7.7 செ.மீ. களப்பீரங்கிக்காக மீட்டர் வெட்டிய வளையத்தை வேறு பீரங்கிக் குண்டில் மாட்டினால் அந்த எண்கள் பொய் சொல்லும். பிரிட்டிஷ் 80-இன் வளையத்தில் 0 முதல் 22 வரை எண்கள் இருக்கும். அவை கெஜமும் அல்ல, மீட்டரும் அல்ல. வளையத்தின் நீளத்தைப் பங்கிட்ட பிரிவுகள், அவ்வளவுதான். எந்தத் தொலைவுக்கு எந்தப் பிரிவு என்று பீரங்கிப் படையின் அட்டவணை சொல்லும். இதனால் அதே ஃபியூஸைப் பல பீரங்கிகளில் பயன்படுத்த முடிந்தது. ஆக, ஒரு வளையத்தின் எண்களைப் படித்தாலே, இது ஒரே பீரங்கியோடு கட்டப்பட்டதா, பல பீரங்கிகளுக்குப் பொதுவானதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த விடையிலிருந்து இரண்டு ராணுவங்களின் இரண்டு வேறு போக்குகள் தெரிகின்றன. ஜெர்மானியர் களத்தில் கணக்குப் போடும் வேலையைப் பட்டறையிலேயே முடித்துவிடப் பார்த்தார்கள். பிரிட்டிஷார் கணக்கை அட்டவணைக்குத் தள்ளிவிட்டு ஃபியூஸைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். போர் நீண்டு பீரங்கி வகைகள் பெருகியபோது இரண்டாவது வழியே வசதியாக இருந்தது என்பது என் எண்ணம்.

பிரெஞ்சுக்காரர்கள் வளையத்தையே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய 75 மி.மீ. பீரங்கியின் 22/31 ஃபியூஸில் கருமருந்து நிரப்பிய மெல்லிய குழாய் ஒன்று கூம்பைச் சுருளாகச் சுற்றிக்கொண்டு போகும். அதன் மேலே மென்மையான உலோக உறை. உறையில் வரிசை வரிசையாக நொடி எண்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு துளையிடும் கருவி வைத்திருந்தார்கள். குண்டின் மூக்கை அதில் நுழைத்து நெம்புகோலை அழுத்தினால், வேண்டிய நொடிக்குரிய இடத்தில் உறையும் குழாயும் ஓட்டையாகும். தீ அந்த ஓட்டை வழியாகப் புகும். அடையாளம் காண்பவருக்கு இது பெரிய கொடை. சுட்ட 22/31 ஒன்று கிடைத்தால், அந்தக் குண்டு எத்தனை நொடிக்கு வைக்கப்பட்டது என்பதை அந்த ஓட்டை இன்றும் சொல்லும். வளைய ஃபியூஸில் அப்படிச் சொல்ல முடியாது. மோதிய அதிர்ச்சியிலோ, பிறகு யாரோ கையில் வைத்துத் திருகியதிலோ வளையம் நகர்ந்திருக்கும். இந்த உத்தியின் முன்னோடி பெல்ஜிய அதிகாரி போர்மனின் ஃபியூஸ். வெள்ளீயமும் ஈயமும் கலந்த வட்டத் தகட்டில் 5¼ நொடி வரை குறிகள் இருக்கும். வேண்டிய குறியில் துளை குத்தினால் போதும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை இதை ஏராளமாகப் பயன்படுத்தியது. தெற்குப் படையினர் பார்த்து வார்த்த நகல்கள் சரியாக வேலை செய்யவில்லை. அவர்கள் அதைக் கைவிட்டுச் செம்பும் மரமும் வைத்த எளிய ஃபியூஸ்களுக்குத் திரும்பினார்கள். இந்த வகையிலும் தகட்டில் துளை எங்கே விழுந்திருக்கிறது, விழுந்தே இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அளவுகோலுக்கு அடுத்தது உலோகம். 1914-க்கு முந்தைய ஜெர்மன் ஃபியூஸ்கள் பெரும்பாலும் கனத்த பித்தளையில் நேர்த்தியாகக் கடையப்பட்டவை. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகை இறுகியதும் ஜெர்மனிக்குச் செம்பு வருவது நின்றது. தேவாலய மணிகளைக்கூட இறக்கி உருக்கும் நிலை வந்தது. ஃபியூஸ்களில் அது அப்படியே தெரிகிறது: பித்தளை போய் அலுமினியமும் துத்தநாகமும் இரும்பும் வருகின்றன, கடைசலின் நேர்த்தி குறைகிறது, மேற்பூச்சு மெலிகிறது. ஒரே பெயர் தாங்கிய ஃபியூஸின் மூன்று பிரதிகளை உலோகப்படி வரிசைப்படுத்தினால் ஒரு நாட்டின் செம்புக் கையிருப்பு கரைந்த கதை கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் அதே கதை மறுபடியும் நடந்தது. ஏ.இஸட். 23 என்ற ஜெர்மன் மோதல் ஃபியூஸ் அலுமினியத்தில் தொடங்கி, துத்தநாகத்துக்கு இறங்கி, அழுத்தி வார்த்த பிளாஸ்டிக் வரை வந்தது. ஆனால் உலோகச் சான்றையும் கண்மூடி நம்பக் கூடாது. அலுமினியம் என்றதும் போர்க்கால ஜெர்மானியத் தட்டுப்பாடு என்று துள்ளிவிடக் கூடாது, பிரிட்டிஷ் 80-இலேயே பித்தளை உடலும் உண்டு, அலுமினிய உடலும் உண்டு. பிளாஸ்டிக் மூக்கும் அப்படித்தான். அமெரிக்கர்களின் அண்மை ஃபியூஸ், அதாவது ரேடியோ அலையால் இலக்கு பக்கத்தில் வந்துவிட்டதை உணர்ந்து வெடிக்கச் செய்யும் ஃபியூஸ், பிளாஸ்டிக் மூக்குடையது. 1943 ஜனவரி 5 அன்று ஹெலினா என்ற போர்க்கப்பல் அதைக் கொண்டு முதன்முதலாக விமானத்தை வீழ்த்தியது. போர் முடிவதற்குள் இரண்டு கோடிக்கு மேல் தயாரித்தார்கள். ஆனாலும், வெடிக்காமல் விழுந்த ஒன்று எதிரி கையில் சிக்கிவிடுமோ என்ற அச்சத்தில் 1944 டிசம்பர் வரை ஐரோப்பியத் தரைப்போரில் அதை விடவில்லை. பிளாஸ்டிக் மூக்கைப் பார்த்ததும் அதன் பெயரைச் சொல்பவர், அதே காலத்து ஜெர்மன் பிளாஸ்டிக்கை மறந்துவிடுகிறார். எந்தச் சான்றும் தனியாக நிற்காது. பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் அடையாளம் உறுதியாகிறது.

இனி எண்ணுக்கு வருவோம். அதை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன்? ஃபியூஸ் ஒரே கையில் பிறப்பதில்லை என்பதுதான் காரணம். 1915 மே மாதம் பிரிட்டனில் குண்டுப் பஞ்சம் பத்திரிகைகளில் வெடித்து, லாய்டு ஜார்ஜ் தலைமையில் தளவாட அமைச்சகம் உருவானபோது, பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்று ஃபியூஸ். குண்டின் உடல் எஃகுக் குழாய். ஓரளவு தேர்ந்த பட்டறை எதுவும் கடைந்துவிடும். ஃபியூஸோ நுண்ணிய உறுப்புகளின் கூட்டம். சிறு சிறு பட்டறைகள் ஒரு திருகை, ஒரு மூடியை, ஒரு வளையத்தை மட்டும் செய்து அனுப்பின. அவற்றைச் சேர்த்தது வேறோர் இடம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் ஆர்டர் போனது. கனடாவில் 1915 நவம்பரில் அமைந்த இம்பீரியல் தளவாட வாரியம் மாண்ட்ரியாலுக்கு அருகே வெர்டனில் ஃபியூஸுக்கென்றே ஒரு தொழிற்சாலை வைத்து 80-ஐச் செய்தது. இதன் விளைவு, ஒரே ஃபியூஸின் மூடியில் ஒரு நிறுவனத்தின் முதலெழுத்து, வளையத்தில் இன்னொன்று, உடலில் மூன்றாவது. இதில் எது தயாரித்தவர் பெயர்? மூன்றும்தான். உடலில் குத்திய மாதமும் ஆண்டும் வெறும் உடல் முடிந்த நாளைச் சொல்லும். அதில் மருந்து நிரப்பியது வேறு நாளில், வேறு ஊரில். லீட்ஸ் நகருக்கு வெளியே பார்ன்போவில் இருந்த நிரப்பும் ஆலையில் 1916 டிசம்பர் 5 இரவு, நாலரை அங்குலக் குண்டுகளில் ஃபியூஸ் பொருத்திக்கொண்டிருந்த அறையில் வெடிப்பு நேர்ந்து 35 பெண்கள் இறந்தார்கள். உடலில் உள்ள தேதியை மட்டும் எழுதும் பெயரட்டைகளில் அந்த இரண்டாவது ஆலைக்கு, அங்கே வேலை செய்தவர்களுக்கு, இடமே இல்லை.

இன்னொரு சிக்கல், எண்ணோடு வரும் ரோமன் எழுத்து. 80-க்குப் பக்கத்தில் ஐந்தைக் குறிக்கும் ரோமன் எழுத்து இருந்தால் அது வடிவமைப்பின் ஐந்தாம் திருத்தம். அதைத் தயாரிப்பாளரின் முதலெழுத்தாகப் படித்து, இல்லாத கம்பெனியைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. ஒரே எண்ணுக்குள் அடுத்தடுத்த திருத்தங்கள் உள்ளமைப்பிலும் பொருளிலும் மாறியிருக்கும். 106-க்கும் அதற்குப் பின்னால் ஓர் எழுத்துச் சேர்ந்த 106-ஈ-க்கும் இடையே, குண்டு பீரங்கிக் குழாயிலேயே வெடித்துவிடாமல் தடுக்கும் அடைப்பான் ஒன்று கூடுதலாக வந்தது. வீரருக்கு அது உயிர்ப் பிரச்சினை. சேகரிப்பாளரின் அட்டையில் இரண்டுமே 106. போதாக்குறைக்கு வியாபாரிகளின் கைவண்ணம் இருக்கிறது. போருக்குப் பின் ஃபியூஸ்களை மைக்கூடாகவும் காகித எடையாகவும் மாற்றி விற்றார்கள். உடைந்த ஒன்றின் மூடியையும் வேறொன்றின் வளையத்தையும் சேர்த்து முழுசாக்கினார்கள். இப்படிக் கல்யாணம் செய்துவைத்த ஃபியூஸில் எண் நல்லபடியாகத் தெளிவாக இருக்கும், மூடிக்குச் சொந்தமான எண்ணாக இருக்கும். கீழே உள்ள உடல் அதற்கு ஒரு வயது மூத்ததாக இருக்கலாம், வேறு நாட்டுக்காரராகவும் இருக்கலாம். மரை ஒழுங்காக உட்காராதது, உலோக நிறத்தின் வேறுபாடு, களிம்பு ஓரிடத்தில் திடீரென்று நிற்பது ஆகியவைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு, அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெளித்தோற்றத்தில் பிரிக்கவே முடியாத ஃபியூஸ்கள் இருக்கின்றனவே, அங்கே எண்ணைத் தவிர வேறு கதி என்ன என்பார்கள். சரிதான். பிரிட்டிஷ் 100-ஆம் எண்ணும் அதன் அடுத்தடுத்த தம்பிகளும் வெளியே ஒரே அச்சு, வேறுபாடு உள்ளே. அங்கே எண்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் எண்ணை ஒதுக்கச் சொல்லவில்லை. எண் தன் வேலையைச் செய்யும் இடம் எது என்பதே கேள்வி. மரை 2 அங்குல அளவுக்குப் பொருந்துகிறது, உடல் பித்தளை, நேர வளையம் இல்லை, தோளின் சாய்வு இந்த வகையது என்று நான்கு சான்றுகள் சேர்ந்து, இது 100-இன் குடும்பம் என்று முதலில் முடிவாகட்டும். அதன் பிறகு, குடும்பத்தில் எந்த உறுப்பினர் என்று எண் சொல்லட்டும். அதுவே நேர வளையமுள்ள உடலில் 100 என்று குத்தியிருந்தால், எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் அதிசயப் புது வகை ஒன்றைக் கண்டுபிடித்ததாக மகிழ்வார். நான் சொல்லும் வழியில் வருபவர் உறுப்பு மாறியிருக்கிறது என்று அறிவார். அச்சில் வந்த கையேடுகளையும் இதே முறையில்தான் பயன்படுத்த வேண்டும். பிரிட்டிஷ் போர் அலுவலகத்தின் 1915-ஆம் ஆண்டு வெடிபொருள் நூல், அமெரிக்கப் படைத்துறை 1953-இல் வெளியிட்ட ஜெர்மன் வெடிபொருள் கையேடு போன்றவை அளவுகளும் குறுக்குவெட்டுப் படங்களும் கொண்டவை. அவற்றில் எண்ணைத் தேடி அந்தப் பக்கத்தைத் திறப்பதைவிட, அளந்த அளவோடு படத்தைத் தேடிப் போவது நம்பகமானது. இரண்டாம் போரின் ஜெர்மன் மூன்றெழுத்துக் குறிகளுக்கும் இதுவே. போர்க்காலத்தில் நிறுவனப் பெயரை மறைக்க வைத்த குறிகள் அவை. பட்டியல் பிற்பாடு வெளியானதால் பி-எம்-வி என்றால் சோமர்டாவில் இருந்த ரைன்மெட்டால் ஆலை என்று இன்று படிக்க முடிகிறது. ஆனால் குறி ஆலையைத்தான் சொல்லும், ஃபியூஸின் வகையைச் சொல்லாது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் ஆபத்தானது. உள்ளே பார்த்தால்தானே உறுதியாகத் தெரியும், வெளியே அளந்துகொண்டிருப்பானேன் என்பது அது. வேறுபாடு உள்ளே இருக்கும்போது திறந்து பார்ப்பதுதானே அறிவியல் என்றுகூடச் சொல்வார்கள். இதற்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. ஃபியூஸில் இருக்கும் மருந்தின் அளவு சிறிது. ஆனால் அதிர்ச்சிக்கும் உராய்வுக்கும் உடனே பதில் சொல்வதற்கென்றே தேர்ந்தெடுத்த மருந்து அது. நூறாண்டு ஈரத்தில் கிடந்தது நீர்த்துப்போயிருக்கும் என்பது ஊகம். அதை நம்பி விரலையோ கண்ணையோ பணயம் வைக்க வேண்டியதில்லை. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் காலக் குண்டுகளைச் சுத்தம் செய்வதில் நீண்ட அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர், கடற்படைக் குண்டு ஒன்றைச் சீர்செய்யும்போது அது வெடித்து இறந்தார். அந்தக் குண்டுக்கு அப்போது 140 வயதுக்கு மேல். பெல்ஜியத்தில் போல்கப்பெல்லே என்ற ஊரில் ராணுவத்தின் வெடிபொருள் அகற்றும் பிரிவு, முதல் போரின் குண்டுகளை ஆண்டுதோறும் நூறு டன்னுக்கு மேல் இன்றும் வயல்களிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களே அறியாத ஒன்றைக் கண்டால் முதலில் எக்ஸ்-ரே எடுக்கிறார்கள், கைவைப்பதில்லை. உள்ளமைப்பைப் படிக்க வேண்டுமென்றால் அதற்கு வழி இருக்கிறது. ராணுவப் பள்ளிகளுக்காக மருந்தில்லாமல் செய்து, பக்கத்தை வெட்டித் திறந்து காட்டும் பாடப் பிரதிகளை அந்தந்த நாட்டு ஆயுத ஆலைகளே தயாரித்தன. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்க்கலாம். அளவும் எடையும் வெளிச் சான்றும் சேர்ந்தும் ஒரு ஃபியூஸை முடிவுசெய்ய முடியவில்லை என்றால், ‘100-இன் குடும்பம், உறுதியாகவில்லை’ என்று அட்டையில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் பக்கத்தில் இதைப் பொருத்திப் பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த எம்டன் கப்பல் சென்னைமேல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்துக்கு அருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்தக் குண்டுச் சிதறல் ஒன்று ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. எம்டன் குண்டு என்று சொல்லி ஒரு ஃபியூஸை யாராவது முன்வைத்தால், எண்ணைத் தேடுவதற்கு முன்பே சில கேள்விகள் கேட்கலாம். துத்தநாகமா? அப்படியானால் அல்ல, தட்டுப்பாட்டுக்கு முந்தைய கப்பல் அது. தேதி 1914-க்குப் பிந்தியதா? அல்ல, அந்தக் கப்பல் கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் நவம்பர் 9-ஆம் தேதியே அழிந்துவிட்டது. வளையத்தில் 7.7 செ.மீ. களப்பீரங்கிக்கான மீட்டர் கணக்கா? அல்ல, எம்டனின் பீரங்கிகள் 10.5 செ.மீ. கடற்படைப் பீரங்கிகள். இந்த மூன்றையும் தாண்டிவருவதுதான் பரிசீலனைக்குத் தகுதி பெறும். ஊர்ப் பெருமை என்பது பொருளைப் பற்றிய சான்று ஆகாது.

கொல்வதற்குச் செய்த கருவியை ஆசையோடு வரிசைப்படுத்துவது என்ன ரசனை என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறொரு பழக்கத்தைக் குத்துகிறது. பளபளவென்று தேய்த்து, மரப்பலகையில் பொருத்தி, வரவேற்பறையில் வைக்கும் பழக்கம் அது. எண்ணை மட்டும் பார்க்கும் சேகரிப்பு அந்தத் திசைக்குத்தான் போகும், எண் கிடைத்தால் மற்றவை அலங்காரம்தானே. 106-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு மண்ணில் புதையும் முன்பே, தரையைத் தொட்ட கணத்தில் வெடிக்கச் செய்தது அது. அதற்கு முன் சோம் போர்க்களத்தில் லட்சக்கணக்கில் விழுந்த குண்டுகளில் பல மண்ணுக்குள் புகுந்து பள்ளம் தோண்டின. கம்பிவேலி அப்படியே நின்றது. பல வெடிக்கவே இல்லை. 1917-இல் 106 பெருமளவில் வந்த பிறகு கம்பியை அறுக்க முடிந்தது, அது வெடித்த இடத்தில் அவ்வளவாகப் பள்ளமும் விழவில்லை. 1916-க்கும் 1917-க்கும் இடையே பீரங்கிப்படை கற்றுக்கொண்டது என்ன என்பது அந்தச் சிறிய பித்தளைத் தலையில் இருக்கிறது. கற்பதற்கு ஆன உயிர்ச்செலவும் அதோடு சேர்ந்ததே.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1959-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் வெடிபொருள் என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஃபியூஸ்களும் பெயர் சொல்லி இடம்பெறுகின்றன. வெடிபொருளின் பாகங்களும் அதில் அடக்கம். ஐரோப்பாவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பதைப் போல இங்கே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இதனால் நம் நாட்டில் இந்தக் கலைக்கு இடம் தனியார் அலமாரி அல்ல, அருங்காட்சியகம். குளம் தூர்வாரும்போதோ பழைய இரும்புக் குவியலிலோ இப்படி ஒன்று தென்பட்டால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

அருங்காட்சியகங்களை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் பித்தளை உறுப்புகளில் மருந்து இல்லை என்று உரியவர்களிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை பாலிஷ் போடுவதற்கு முன், பக்கவாட்டு வெளிச்சத்தில் மூடி, வளையம், உடல், அடிப்பாகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். மரையின் விட்டத்தையும் எடையையும் எழுதி வையுங்கள். ஆழமில்லாமல் குத்திய எழுத்து ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் அழிகிறது. பிறகு ‘பீரங்கிக் குண்டின் பாகம்’ என்ற பெயரட்டையை எடுத்துவிட்டு, கண்ட சான்றுகளை வரிசையாக எழுதுங்கள். எண்ணைக் கடைசி வரியில் போடுங்கள்.